டேவிட் ஸ்மித்: பாரிஸா, பட்டறையா?

வரைகோடு எழுதியது:

அமெரிக்கச் சிற்பி டேவிட் ஸ்மித்தை (1906–1965) கலை வரலாற்றுப் புத்தகங்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் அடைத்துவிடுகின்றன. பிக்காசோவும் ஹூலியோ கோன்சாலஸும் பாரிஸில் தொடங்கியதை அமெரிக்காவில் பெரிய அளவில் செய்தவராம். அந்த வாக்கியத்தில் எவ்வளவு உண்மை என்று பேசலாமே.

முதலில் பாரிஸ் பக்கம். கோன்சாலஸ் பார்சிலோனாக்காரர், உலோக வேலைக் குடும்பம். 1918இல் பாரிஸ் அருகே ரெனோ கார்த் தொழிற்சாலையில் கேஸ் வெல்டிங் கற்றார். அதைச் சிற்பத்துக்குப் பயன்படுத்தப் பத்தாண்டு ஆனது. 1928இல் பிக்காசோவுக்கு இரும்பில் சிலை செய்ய ஆள் தேவைப்பட்டது. 1932 வரை இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். மண்ணைக் குழைத்தோ கல்லைக் குடைந்தோ செய்யாமல், கம்பியையும் தகட்டையும் வெட்டவெளியில் கோடு போல நிறுத்தும் முறை அங்கேதான் உருவானது.

ஸ்மித் அப்போது நியூயார்க்கில் ஓவிய மாணவர். ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீக் என்ற கலைப் பள்ளியில் யான் மதுல்காவிடம் கியூபிசம் (உருவத்தைக் கோணத் துண்டுகளாக உடைத்துக் காட்டும் ஓவியப் பாணி) பயின்றார். ஜான் கிரஹாம் என்ற ஓவியர் 'கையே தார்' என்ற பிரெஞ்சு இதழைக் காட்டினார். அதில் பிக்காசோவின் இரும்புச் சிற்பங்களின் படங்கள் இருந்தன. ஸ்மித்துக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது, படங்களை மட்டும் பார்த்தார். 1933இல் வெல்டிங் செய்த தலைகள் வரிசையாக வந்தன. 1956இல் கோன்சாலஸைப் பற்றி அவரே ஒரு கட்டுரை எழுதி, டார்ச் (வெல்டிங் ஜோதி) பிடித்தவர்களில் முதல் ஆசான் என்று பட்டமும் கொடுத்தார்.

இதையெல்லாம் பார்த்தால் பாரிஸ்தான் மூலம் என்று படுகிறது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

பட்டறைக்காரன் எழுதியது:

ஒரு வருஷத்தை விட்டுட்டீங்க சார். 1925. ஸ்மித் இண்டியானாவில் சவுத் பெண்ட் ஊரில் ஸ்டூட்பேக்கர் கார்க் கம்பெனியில் வேலை பார்த்தார். ரிவெட் அடிப்பது, சேஸிஸ் பூட்டுவது, ஸ்பாட் வெல்டிங். அப்போ அவருக்கு 19 வயசு. கோன்சாலஸ் பேரையே கேட்டிருக்க மாட்டார். இதழில் படத்தைப் பார்த்ததும் "இதை நானும் செய்யலாமே" என்று எல்லா ஓவிய மாணவனுக்கும் தோன்றிவிடாது. உலோகம் ஏற்கெனவே கையில் பழகியவனுக்குத்தான் தோன்றும்.

வேலை செய்த இடத்தையும் பாருங்க. வீட்டில் டார்ச் கொளுத்தினால் தீப்பிடிக்கும் என்பதால் புரூக்ளின் துறைமுகத்தில் டெர்மினல் அயர்ன் வொர்க்ஸ் என்ற இரும்புப் பட்டறையில் இடம் பிடித்தார். கப்பல் வேலை, தீ விபத்தில் தப்பிக்கும் படிக்கட்டு வேலை நடக்கிற இடம். பின்னாடி நியூயார்க் மாநிலத்தின் வடக்கே போல்டன் லேண்டிங் மலைப்பக்கம் குடியேறினபோதும் தன் கூடத்துக்கு அதே பேரை வைத்துக்கொண்டார்.

அப்புறம் போர்க்காலம். 1942 முதல் 1944 வரை ஸ்கெனெக்டடியில் அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனியில் டாங்கிக்கும் ரயில் எஞ்சினுக்கும் வெல்டிங். கவசத் தகடு ஒட்டுவது சாதாரண வேலை இல்லை. தகடு கனம், சூடு சரியாக ஏறாமல் ஒட்டினால் தையல் (வெல்டிங் கோடு) ஓரத்தில் முடிபோல விரிசல் ஓடும், அதுவும் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அந்த வேலையில் முதல் தர வெல்டர் என்று தரம் வாங்கினவர். கோன்சாலஸ் செய்தது மெல்லிய தகடு, கேஸ் ஜோதி. ஸ்மித்தின் 1950க்குப் பிந்தைய வேலையில் இருக்கும் கனமும் உயரமும் பாரிஸில் கிடைக்காது.

தூரிகை எழுதியது:

இருவருமே ஒன்றை மறக்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு ஸ்மித்தே பதில் சொல்லியிருக்கிறார். தொழில்நுட்பத்தில் விடுதலை கொடுத்தது கோன்சாலஸ். அழகியலில் தன்னைக் கூடுதலாகப் பாதித்தவை காண்டின்ஸ்கி, மோண்ட்ரியான், கியூபிசம் என்று. முதல் இருவரும் ஓவியர்கள், கியூபிசமும் ஓவியத்தில் பிறந்ததுதான். ஆக அவருடைய அழகியல் ஓவியத்திலிருந்து வந்தது.

'ஆஸ்திரேலியா' (1951) என்ற சிற்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் 2.74 மீட்டர், உயரம் 2 மீட்டர் சொச்சம், ஆழமோ 41 சென்டிமீட்டர்தான். பக்கவாட்டில் போய் நின்றால் ஒரு கம்பிக்கட்டு மட்டுமே தெரியும். சுற்றிவந்து பார்க்க வேண்டியது சிற்பம் என்ற மரபையே இவர் ஏற்கவில்லை. அதே ஆண்டின் 'ஹட்சன் நதி நிலக்காட்சி' ஆல்பனிக்கும் போகிப்சிக்கும் இடையே ரயிலில் போகும்போது வரைந்த கோட்டோவியங்களிலிருந்து வந்தது. ரயில் சன்னலில் ஆழம் கிடையாது, ஓடும் கோடுதான். அதை அப்படியே எஃகில் நிறுத்தினார்.

வரைகோடு எழுதியது:

ஏற்கிறேன், ஆனால் ஓவியத்தோடு நிறுத்திவிட முடியாது. 1935–36 பயணத்தில் கிரீஸ், சோவியத் நாடு, லண்டன் எல்லாம் போனார். பிரிட்டிஷ் மியூசியத்தில் முதல் உலகப்போர்க் கால ஜெர்மன் போர்ப் பதக்கங்களைப் பார்த்தார். சுமேரிய உருளை முத்திரைகளும் அவர் மனதில் தங்கின. அதன் விளைவு 'அவமானப் பதக்கங்கள்' என்ற 15 வெண்கல வட்டங்கள், 1937 முதல் 1940 வரை. போரையும் அதில் லாபம் பார்ப்பவர்களையும் சாடும் தொகுதி. உருவங்கள் நெருக்கியடித்து நிற்கும், அருவம் அல்ல. ஸ்மித் தொடக்கம் முதல் தூய அருவச் சிற்பி என்று நினைப்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பட்டறைக்காரன் எழுதியது:

தூரிகை, ஆழமில்லாத சிற்பம் என்று சுலபமாகச் சொல்லிட்டீங்க. 2.7 மீட்டர் அகலத்தை ஒற்றைத் தண்டில் நிறுத்துவது எவ்வளவு சிக்கல் தெரியுமா? காற்று அடிக்கும்போது முழு ஆட்டமும் தண்டு அடியில் தகட்டோடு சேரும் இடத்தில்தான் விழும். அங்கே வெல்டிங் அழகாக இருந்தால் போதாது. உள்ளே முழுசாக இறங்கியிருக்கணும். மேல்பூச்சாக ஓட்டின தையல் வருஷக்கணக்கில் ஆடி ஆடிக் களைத்து ஒருநாள் விட்டுவிடும். வளைந்த கம்பிகளும் அப்படித்தான், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று இடத்தில் தொட்டு ஒன்றையொன்று தாங்குது. வரைபடத்தில் கோடு எங்கே வேண்டுமானாலும் முடியலாம், எஃகில் எங்கேயாவது போய்ச் சேர்ந்தே ஆகணும். அவருடைய கோடுகள் ஏன் அந்த வடிவத்தில் ஓடுது என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

பழைய பொருள் விஷயமும் சொல்லணும். 'அக்ரிகோலா' வரிசையில் விவசாயக் கருவிகளின் துண்டுகள். 'டாங்க்டோட்டம்' வரிசையில் பாய்லர் தொட்டியின் குழிந்த மூடிகள். அவை குப்பையில் பொறுக்கினது இல்லை, ஃபேக்டரியில் அச்சில் அழுத்தி விற்கும் சரக்கு. விலைப்பட்டியல் பார்த்து வாங்கினார். அவர் சிற்பத்தில் இருப்பதெல்லாம் காயலான் கடைச் சரக்கு என்பது பாதிப் பொய்.

துருவன் எழுதியது:

காயலான் கடை விஷயம் உண்மையிலேயே பொருந்துவது வோல்ட்ரிக்குத்தான். 1962இல் இத்தாலியின் ஸ்போலெட்டோ கலைவிழாவுக்காக ஜெனோவா பக்கம் வோல்ட்ரியில் இட்டால்சைடர் நிறுவனத்தின் மூடிக் கிடந்த எஃகு ஆலையைத் திறந்துவிட்டார்கள். எதிர்பார்த்தது ஒன்றோ இரண்டோ சிற்பம். அவர் 30 நாளில் 27 செய்தார். உதவிக்கு ஆலைத் தொழிலாளர்கள். ஸ்போலெட்டோவின் பழைய ரோமானிய அரங்கப் படிக்கட்டுகளில் அவற்றை வரிசையாக நிறுத்தினார்கள்.

எப்படி முடிந்தது என்றால், வடிவம் பாதி ஏற்கெனவே அங்கே கிடந்தது: இடுக்கிகள், சக்கரங்கள், உருட்டாலையில் ஓரம் கிழிந்த தகடுகள், தள்ளுவண்டிகள். 'வோல்ட்ரி 19' ஒரு வேலை மேசையும் அதன்மேல் கருவிகளும்தான். 'வோல்ட்ரி 7' சக்கரம் வைத்த தேர் மாதிரி. மிச்சக் கருவிகளைக் கப்பலில் போல்டன் லேண்டிங்குக்கு அனுப்பி, அடுத்த குளிர்காலத்தில் 'வோல்ட்ரி-போல்டன்' வரிசையைச் செய்தார்.

இந்த முறையில் இன்று வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பழைய ஸ்பானர், ஸ்பிரிங் பட்டை, உளி எல்லாம் கரி கூடிய எஃகு. மைல்டு ஸ்டீல் (சாதா இரும்பு) மாதிரி நேரே ராடு (வெல்டிங் குச்சி) வைத்து ஒட்டினால் தையலை ஒட்டிய பகுதி கண்ணாடிபோல் கெட்டிப்பட்டு உடையும். 200 முதல் 300 டிகிரி வரை முன்சூடு, உலரவைத்த 7018 ராடு, ஒட்டியபின் சாம்பலிலோ உலர்மணலிலோ புதைத்து மெதுவாக ஆறவிடுதல், மூன்றும் வேண்டும். வார்ப்பிரும்பு என்றால் நிக்கல் ராடு, ஒரு தடவைக்கு ஓர் அங்குலம், உடனே சின்னச் சுத்தியால் தட்டிக் கொடுத்து இழுவிசையைத் தளர்த்த வேண்டும். துத்தநாகம் பூசிய பொருளைச் சுரண்டாமல் ஒட்டவே கூடாது. அந்தப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும். மூடிய பழைய டிரம்மில் டார்ச் வைப்பது உயிரோடு விளையாடுவது.

கடற்கரைக்காரி எழுதியது:

எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) பெட்டிகளை அடுக்கி ஸ்மித் செய்த க்யூபி வரிசை பற்றி யாரும் பேசவில்லையே. அந்தப் பெட்டிகள் திடமானவையா, வெற்றா? மேல்பரப்பில் தெரியும் சுழல்கீறல்களை எப்படிப் போட்டார்? கடலிலிருந்து அரைக் கிலோமீட்டரில் உள்ள ஒரு மொட்டைமாடிக்காக 60 சென்டிமீட்டர் எஸ்.எஸ். பெட்டிகள் மூன்றை அடுக்கும் திட்டம் இருக்கிறது, அதனால் செய்முறையும் சொன்னால் உதவும்.

வரைகோடு எழுதியது:

வரலாற்றுப் பக்கத்தை நான் சொல்கிறேன். க்யூபி மொத்தம் 28, 1961 முதல் 1965 வரை. எண்ணை வைத்து வரிசை போடாதீர்கள்: மினியாபொலிஸ் வாக்கர் ஆர்ட் சென்டரில் உள்ள 'க்யூபி 9' 1961ஐச் சேர்ந்தது, டெட்ராய்ட்டில் உள்ள 'க்யூபி 1' 1963. தேதி சந்தேகமில்லாமல் தெரிவதற்குக் காரணம், தன் பெயரையும் நாளையும் சிற்பத்திலேயே வெல்டிங்கால் எழுதிவைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. 'க்யூபி 19' லண்டன் டேட் கலைக்கூடத்தில், 'க்யூபி 27' நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில். கடைசியான 'க்யூபி 28' 2005இல் ஏலத்தில் 2 கோடியே 38 லட்சம் டாலருக்குப் போனது என்பது செய்தித்தாள்களுக்குப் பிடித்த விவரம். அதனால் சிற்பத்தைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

வடிவத்தை அட்டைப்பெட்டிகளை அடுக்கி ஒட்டிப் பார்த்துத் தேடினார். சிறிய உருவங்களுக்கு இன்னொரு வழி: வெள்ளைப் பரப்பில் துண்டுகளைப் பரப்பி மேலே ஸ்ப்ரே பெயிண்ட் அடித்து, துண்டுகளை எடுத்துவிட்டால் வெள்ளை நிழல் மிஞ்சும். அவையே தனி ஓவியத் தொகுதியாகிவிட்டன.

பட்டறைக்காரன் எழுதியது:

பெட்டி வெற்றுதான். கணக்குப் போட்டுப் பாருங்க தெரியும். 60 சென்டிமீட்டர் கனசதுரம், 3 மி.மீ. தகடு: ஆறு பக்கமும் சேர்த்து 2.16 சதுர மீட்டர், எடை 51 கிலோ சுமார். அதே அளவு திடமாக இருந்தால் 1,700 கிலோ. மூலைமேல் நிற்கிற மாதிரி பெட்டியை வைத்து, பக்கத்தில் நீட்டி, மேலே இன்னொன்று சாய்த்து, ஒரு சின்னப் பரப்பில் ஒட்டி நிறுத்தினார் என்றால் வெற்று என்பதால்தான்.

செய்முறை. எஸ்.எஸ். தகட்டைக் கேஸ் கட்டரால் வெட்ட முடியாது. சாதா இரும்பு ஆக்சிஜனில் எரியும், அதன் ஆக்சைடு உருகி ஓடும், எஸ்.எஸ்.ஸில் குரோமியம் ஆக்சைடு 2,000 டிகிரிக்கு மேலே போனாலும் உருகாமல் மேலே தோலாக நிற்கும். அதனால் ஷியரிங் மெஷினில் வெட்டுங்க, இல்லை லேசர் கடையில் கொடுங்க.

அப்புறம் தகடு இழுப்பது. எஸ்.எஸ். சூட்டைக் கடத்துவது மைல்டு ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்கு, விரிவதோ ஒன்றரை மடங்கு கிட்ட. சூடு ஒரே இடத்தில் தேங்கும், அந்த இடம் புடைக்கும். 2 மி.மீ. தகட்டில் ஒரே மூச்சில் ஓரம் முழுக்க ஓட்டினால் நடுவில் தொப்பை விழும், பிறகு எந்த சுத்தியும் சரிசெய்யாது. ஆர்கான் வெல்டிங், 70 ஆம்பியர் சுற்றி, கேஸ் நிமிஷத்துக்கு 8 முதல் 10 லிட்டர், 1.6 மி.மீ. ஃபில்லர் (தையலில் உருக்கிச் சேர்க்கும் கம்பி). முதலில் 40 மி.மீ.க்கு ஒரு டேக் (புள்ளி ஒட்டு). பிறகு 50 மி.மீ. ஓட்டி, எதிர் ஓரத்துக்குப் போய் 50 மி.மீ., கை வைக்கிற சூட்டுக்கு ஆறினபிறகு அடுத்தது. உள்பக்கம் செம்புப் பட்டை வைத்தால் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும்.

கடைசி ஓரம்தான் எல்லாரும் மாட்டிக்கிற இடம். பெட்டி மூடப்போகும்போது உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிஞ்சு, உருகிய குட்டையைத் துப்பிவிடும். எத்தனை தடவை மூடினாலும் ஒரு பொத்தல் திரும்பத் திரும்ப வரும். அடிப்பக்கம் 3 மி.மீ. துளை ஒன்று முதலிலேயே போட்டுவிடுங்க, தொல்லை இல்லை.

துருவன் எழுதியது:

அந்தத் துளையை அடைக்க வேண்டாம் என்பேன். வெளியில் நிற்கும் பெட்டிக்குள் இரவில் ஈரம் சேரும். அடியில் வழி இருந்தால் வடிந்துவிடும்.

கடலுக்கு அரைக் கிலோமீட்டர் என்றால் 304 கிரேடு வேண்டாம். அதில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். உப்புக்காற்றில் உள்ள குளோரைடு அதன் பாதுகாப்புத் தோலை ஊசி ஊசியாகத் துளைத்து டீக்கறை போன்ற பழுப்பு வழியல் விடும். 316இல் மாலிப்டினம் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் இருக்கிறது, ஃபில்லரும் 316எல் போடுங்கள்.

இனி சுழல்கீறல். ஸ்மித் கையில் பிடிக்கும் கிரைண்டரின் கார்போரண்டம் வட்டால் வளைத்து வளைத்துத் தேய்த்தார். ஒவ்வொரு கீறலும் ஒளியை வேறு பக்கம் திருப்புவதால் தகடு எந்தக் கோணத்திலும் முழுதாக மின்னுவதும் இல்லை, முழுதாக மங்குவதும் இல்லை. மேகமூட்டத்தில் நீலம் தட்டும், மாலை வெயிலில் பொன்னாகும்; அவர் கணக்குப் போட்டதே அதற்குத்தான். பஃபிங் அடித்துக் கண்ணாடியாக்கினால் எதிரில் நிற்பவர் முகம் தெரியும், சிற்பம் காணாமல் போகும்.

ஆனால் கடலோரத்தில் இதே பரப்புதான் எதிரி. கீறல் ஆழமாக ஆக உப்பு அதில் தங்கும். அதனால் 60 எண் சொரசொரப்பு வட்டோடு நிறுத்தாமல் 120, பிறகு 240 வரை இறங்கி, அதே வளைவு வீச்சில் தேயுங்கள். வீச்சு தெரியும், பள்ளம் குறையும். இரும்பில் ஓடிய வட்டையோ கம்பி பிரஷையோ எஸ்.எஸ்.ஸில் வைக்காதீர்கள். இரும்புத்தூள் பதிந்து ஒரே மழையில் புள்ளி புள்ளியாகத் துரு வரும், பழி தகட்டின்மேல் விழும். வெல்டிங் ஓரத்து நீலக்கறையைப் பிக்ளிங் பேஸ்ட்டால் எடுங்கள். அதில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டு, கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிறகு நல்ல தண்ணீரால் மாதம் ஒருமுறை கழுவினால் போதும்.

தூரிகை எழுதியது:

பரப்பைப் பேசும்போது வண்ணத்தைப் பேசாமல் விடக்கூடாது. ஸ்மித் செத்தபிறகு நடந்த பெரிய தகராறே அதில்தான்.

1964இல் கொடுத்த பேட்டியில் தன் வண்ணச் சிற்பங்களுக்கு எஃகு தெரியும்வரை தேய்த்து, எபாக்சி பிரைமர், துத்தநாகம், வெள்ளை என்று எல்லாம் சேர்த்து 25 முதல் 30 பூச்சு போடுவதாகச் சொல்கிறார். '17 எச்' என்ற 1950ஆம் ஆண்டுச் சிற்பத்தின் சிவப்பு வண்ணத்தை விற்பனைக் கைமாற்றத்தில் யாரோ உரித்துவிட்டார்கள். 1960இல் இதழில் கடிதம் எழுதி, இனி அது என் படைப்பே அல்ல, வெறும் சிதைவு என்று கைகழுவினார்.

1965 மே 23 அன்று வெர்மாண்டில் பென்னிங்டன் அருகே வாகன விபத்தில் இறந்தார். போல்டன் லேண்டிங் வயல்களில் எண்பதுக்கும் மேற்பட்ட சிற்பங்கள் நின்றிருந்தன. சொத்தை நிர்வகித்த மூவரில் விமர்சகர் கிளமெண்ட் கிரீன்பெர்க் ஒருவர். ஸ்மித்தின் வண்ணம் அவருக்கு என்றைக்கும் பிடித்ததில்லை. வெள்ளைப் பூச்சோடு நின்ற சிலவற்றில் வண்ணம் உரிக்கப்பட்டது, சில மழையிலும் பனியிலும் உரிய விடப்பட்டன. 1974இல் கலை விமர்சகர் ரோசலிண்ட் கிராஸ் ஆதாரப் படங்களோடு எழுதியபின்தான் வெளியே தெரிந்தது. '17 எச்' கடிதம் அச்சில் இருக்கும்போதே இதைச் செய்தார்கள்.

வரைகோடு எழுதியது:

கிரீன்பெர்க் தரப்பில் ஒரு வாதம் உண்டு: அந்த வெள்ளை வெறும் அடிப்பூச்சு, மேல் வண்ணத்தை ஸ்மித் இன்னும் முடிவு செய்யவில்லை, எனவே அது முடியாத நிலை.

துருவன் எழுதியது:

முடியாததை முடியாததாக விடுவதுதான் பராமரிப்பு. வேலை நுட்பப்படி பார்த்தாலும் அந்த வாதம் நிற்காது. பூச்சை எடுத்துவிட்டுச் சாதா எஃகை போல்டன் லேண்டிங் இருக்கும் அடிரோண்டாக் மலைக் குளிரில் நிறுத்தினால், இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்கில் தண்ணீர் இறங்கும், உறையும், துரு பிடிக்கும். துரு அசல் இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடுக்கைப் பிளந்து வெல்டிங்கையே கிழித்துவிடும். பூச்சு நிறத்துக்காக மட்டும் அங்கே இருக்கவில்லை.

பட்டறைக்காரன் எழுதியது:

இதில் எனக்கும் தூரிகைக்கும் சண்டையே இல்லை. ஆனால் தலைப்புக்கு வர்றேன். ஸ்மித்துக்குப் பின்னால் வந்த ஆண்டனி காரோவைப் பாருங்க. இங்கிலாந்தில் மண்ணில் உருவம் பிடித்துக்கொண்டிருந்தவர், 1959இல் அமெரிக்கா போய்வந்து மறுவருஷமே எஃகுக்கு மாறினார். பென்னிங்டனில் பாடம் எடுத்த காலத்தில் ஸ்மித்தின் வயலுக்கும் போனார். ஸ்மித் இறந்தபிறகு அவர் சேர்த்து வைத்திருந்த எஃகுச் சரக்கையே வாங்கினார். அதைத்தானே தாக்கம் என்று சொல்லணும், படத்தைப் பார்த்து மட்டும் வருவது இல்லையே.

தூரிகை எழுதியது:

காரோ பீடத்தைத் தூக்கிப் போட்டுச் சிற்பத்தைத் தரையில் படுக்கவைத்தார், ஸ்மித்துடையது கடைசிவரை எழுந்து நின்றது. 'சென்டினல்' (காவலாள்), 'டோட்டம்' (குலச்சின்னக் கம்பம்) என்று பெயர்களே சொல்கின்றனவே. ஸ்மித் காரோவுக்கு எஃகைக் கொடுத்தார், நிற்பதைக் கொடுக்கவில்லை. கோன்சாலஸிடம் ஸ்மித் வாங்கியதும் அப்படித்தான்: முறையை வாங்கினார், அளவை வாங்கவில்லை.

வரைகோடு எழுதியது:

அப்படியானால் என் முதல் பதிவின் வாக்கியத்தில் "பெரிய அளவில்" என்பதைத்தான் முதலில் அடிக்க வேண்டும். பெரிதாக்கியதால் அது வேறொன்றாகிவிட்டது. பார்க்க வாய்ப்புள்ளவர்கள் நியூயார்க் மாநிலத்தில் ஸ்டார்ம் கிங் சிற்பத் திடலுக்குப் போகலாம். 1967இல் அவருடைய 13 சிற்பங்களை மொத்தமாக வாங்கிய இடம். வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் வோல்ட்ரி வரிசையில் சில உள்ளன.

கடற்கரைக்காரி எழுதியது:

ஒரு சந்தேகம் பாக்கி. அடிப்பெட்டியை மாடியில் எப்படிப் பிடிப்பது? மைல்டு ஸ்டீல் தகட்டில் ஒட்டிவிடலாமா?

பட்டறைக்காரன் எழுதியது:

வேண்டாம்மா. எஸ்.எஸ்.ஸும் இரும்பும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் இரும்புதான் முதலில் அரிக்கும், அந்தத் துரு எஸ்.எஸ்.மேல் வழியும். 10 மி.மீ. 316 தகடு, நாலு மூலையிலும் எம்12 கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை ஊற்றிப் பதிக்கும் போல்ட்), போல்ட்டும் 316. தகட்டுக்கும் தளத்துக்கும் நடுவில் 10 மி.மீ. இடைவெளி விடுங்க, தண்ணீர் தேங்காது. மூன்று பெட்டியும் 3 மி.மீ.யில் 150 கிலோ சொச்சம் வரும். பீம் ஓடும் இடத்துக்கு மேலே வைக்கணும். ஓட்டை போடும் முன்னாடி கட்டட இன்ஜினியர் ஒருத்தரை அந்த இடத்தைக் காட்டிக் கேட்டுடுங்க.